மேல்நோக்கி எழுதும் பேனை

பேனை காய்ந்துபோனதில் ஞானேஸ்வரிக்குக் கவலை இல்லை. இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வைகாசி பிறந்திருந்தது. தர்மபுரத்தில், அவர்களுக்கு இடம் கொடுத்த மூக்கனுடைய வளவின் பின்மூலையில், தென்னோலைக் கிடுகும் தறப்பாளும் கொண்டு அடைத்த கொட்டிலுக்குள், அவளுடைய புருஷன் மயில்வாகனம் பலகைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். இரண்டு வருடமாக அப்படித்தான் கிடக்கிறான். ஆமி வர, கிளிநொச்சியை விட்டு ஊரே ஓடிய அன்று, றோட்டில் விழுந்து வெடித்த செல்லின் துண்டு ஒன்று அவன் கழுத்துக்குள் போயிற்று. குரல் போயிற்று. கால்கள் போயின. இடது கை போயிற்று. வலது கையில் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மிஞ்சியது. விரல்கள் வளையும். எதையும் அழுத்தமாட்டா.

அந்தக் கையால் எழுதலாம் என்று கண்டவள் செஞ்சிலுவை வண்டியில் வந்த தாதி. அவன் நெஞ்சுக்கு மேலே ஒரு பலகையைச் சரித்துக் கட்டி, அதில் தாளைக் குத்தினாள். முதலில் குமிழ்முனைப் பேனையைக் கொடுத்துப் பார்த்தாள். மல்லாந்து கிடப்பவன் மேல்நோக்கி எழுத வேண்டும். மை பின்னால் இறங்கிவிட்டது; குமிழ் வெறுமனே உருண்டது. பென்சில் அழுத்தாமல் எழுதவில்லை. கரித்துண்டின் தூள் கண்ணுக்குள்ளும், மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டைக்குள்ளும் விழுந்தது. கடைசியில் தாதி தன் பைக்குள்ளிருந்து ஒரு கலர்ப் பேனைப் பெட்டியை எடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிளாட்டிக்னம் என்பார்களே, அது. முனையில் நார். உள்ளே நார். தாளைத் தொட்டால் போதும். மேலே பிடித்தாலும் கீழே பிடித்தாலும் மை நார் வழியே ஏறி வந்தது.

"விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரித்தான்," என்றாள் தாதி. "பாரம் தேவையில்லை. தொட்டால் சரி."

அவன் முதலில் எழுதிய சொல், தண்ணி. ஞானேஸ்வரி அன்று அழுதாள். அடுத்த நாள், உப்புக் காணாது என்று எழுதினான்.

மயில்வாகனம் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன். ஏவிப் பழகியவன். குரல் இருந்த காலத்தில் அவன் சொன்னதில் பாதி காற்றோடு போய்விடும். இப்போது ஒன்றும் போவதில்லை. எல்லாம் பலகையில் இருந்தது. அவள் கிணற்றடியிலிருந்து வரும்வரை காத்திருந்தது. எங்கை போனாய். ஆரோடை கதைச்சாய். கஞ்சி சூடு. கஞ்சி ஆறீட்டுது. நீ நடக்கிற சத்தம் தலைக்குள்ளை இடிக்குது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கங்கள் நிறைந்தன. அவள் வாசித்தாள், செய்தாள். மறுமொழி சொன்னதில்லை. குரலோடு இருக்கிறவள் குரல் இல்லாதவனை எதிர்த்துப் பேசுவது அழகில்லை என்று நினைத்தாள்.

பேனை இல்லாத நேரத்தில் அவன் உதடுகளை அசைப்பான். உதட்டைப் பார்க்காமல் இருந்துவிடலாம். தாளைப் பார்க்காமல் இருக்க முடியாது.

தைப்பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து அவன் தங்கச்சி சிவலட்சுமி வந்தாள். இவள் எனக்குச் சோறு தாறதில்லை என்று அவளுக்கு எழுதிக் காட்டினான். சிவலட்சுமி அதை உரத்து வாசித்தாள். மூக்கனும் அவன் மனைவி மீனம்மாவும் வாசலில் நின்றார்கள். அன்று ஞானேஸ்வரி தன் பங்குச் சோற்றையும் அவனுக்குத்தான் ஊட்டியிருந்தாள். சொன்னால் யார் நம்புவது? அவன் சொன்னது எழுத்தில் இருந்தது.

பேனைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஆமி வவுனியாவைத் தாண்டி வரவிடாத சாமான்களில் கலர்ப் பேனையும் ஒன்றா, வந்தும் கடைக்காரர் வாங்காத சாமானா, தெரியாது. கடைகளில் இல்லை. காய்ந்ததைச் சுடுதண்ணீரில் வைத்தால் இன்னும் சில நாள் எழுதியது. எழுத்து வெளிறிக்கொண்டு போயிற்று. மஞ்சள் பேனையால் எழுதியபோது, தனக்குத் தெரியவில்லை என்று அவள் சொன்னாள். அது பொய் இல்லை. மிஞ்சியது பச்சைப் பேனை. பங்குனிக் கடைசியில் அதுவும் காய்ந்தது. அன்று அவள் அவசரமில்லாமல் குளித்தாள். திரும்பி வந்தபோது பலகை வெறுமையாக இருந்தது. கட்டிலின் காலடியில் உட்கார்ந்து தலையை உலர்த்தினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை சிவலட்சுமி மறுபடி வந்தாள். முள்ளியவளையிலிருந்து சைக்கிள். புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. கைபிடியில் தொங்கிய பைக்குள் கோயில் திருநீறும் தாளில் சுற்றிய ஒரு சரை கற்கண்டும் இருந்தன.

"அண்ணை எழுதுறேல்லையோ?" என்றாள், வெறும் பலகையைப் பார்த்து.

"பேனை காஞ்சுபோச்சு மச்சாள்," என்றாள் ஞானேஸ்வரி.

"எப்ப?"

"பங்குனிக் கடைசி."

"ஒரு மாசத்துக்கு மேலை மனுசன் வாயில்லாமல் கிடக்கிறார். நீங்கள் ஒரு சொல் சொல்லியனுப்பேல்லை."

"ஆரிட்டைச் சொல்லியனுப்ப?"

சிவலட்சுமி அண்ணனின் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள். கொஞ்சம் அவன் கண்ணுக்குள் விழுந்தது. அவனால் துடைக்க முடியாது. இமையை அடித்துக்கொண்டு கிடந்தான். ஞானேஸ்வரி சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துவிட்டாள். அவன் உதடுகள் தங்கச்சியைப் பார்த்து அசைந்தன. சிவலட்சுமி குனிந்து பார்த்தாள்.

"என்ன சொல்லுறார்?"

"தெரியேல்லை," என்றாள் ஞானேஸ்வரி. அவள் பார்த்திருக்கவில்லை.

சிவலட்சுமி பேனையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெளியே போய்ச் சைக்கிளில் ஏறினாள். திரும்பி வந்தபோது கையில் நீல மைப்போத்தல் ஒன்று இருந்தது. சந்திக்குக் கிட்ட இருந்த பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். மைப்பேனைக்கு ஊற்றுகிற மை.

"பேனை போனால் என்ன? மை ஊத்தினால் எழுதும்தானே."

கொண்டை ஊசியைக் கழற்றிப் பேனையின் பின்மூடியை நெம்பினாள். அது அசையவில்லை. மூக்கன் குறடு கொண்டு வந்தான்.

"என்னங்க, ஆப்பரேசனா?" என்றான்.

"கதையாமல் பிடியுங்கோ."

மூடி கழன்றது. உள்ளிருந்து சிகரெட் போல ஒரு நார்க்குச்சி வந்தது. எத்தனையோ முறை சுடுதண்ணீரில் அவிந்தது. ஊசி பட்டதும் பிய்ந்து, துகளாக மடியில் கொட்டியது. சிவலட்சுமி துகளைப் பார்த்தாள்.

"வேறை பஞ்சு வைக்க வேணும்."

அண்ணனின் தலைக்குக் கீழே இருந்த தலையணை அவள் கண்ணில் பட்டது. தையலை ஒரு விரல் அளவுக்குப் பிரித்து உள்ளேயிருந்து ஒரு கிள்ளு எடுத்தாள். வேலியில் நின்ற இலவ மரத்தின் பஞ்சு. ஞானேஸ்வரிதான் காய் உடைத்து, விதை நீக்கி, அந்தத் தலையணையை அடைத்தாள். போன மாரியில் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்தபோது சட்டி பானை அமிழ்ந்தது. தலையணை மிதந்தது. வெளியுறையைப் பிழிந்துவிட்டு உள்ளே கைவைத்துப் பார்த்தாள். பஞ்சு காய்ந்தே இருந்தது. இலவம் பஞ்சு தண்ணீர் குடிக்காது. மையும் தண்ணீர்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

சிவலட்சுமி பஞ்சை உருட்டிக் குழாய்க்குள் திணித்தாள். மையை ஊற்றினாள். சேம்பிலையில் விழுந்த தண்ணீர் போல மை பஞ்சின் மேல் உருண்டது. பேனையைச் சரித்ததும் வெளியே வந்து அவள் விரல்களில் வழிந்தது. இன்னும் பஞ்சை இறுக்கினாள். இன்னும் ஊற்றினாள். பாவாடை விளிம்பிலும் மை. பேனையை அண்ணனின் விரல்களுக்குள் வைத்துக் கையைப் பலகைக்குத் தூக்கினாள். அவன் எழுதினான். காய்ந்த முனை தாளில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் விழவில்லை. அவன் மறுபடி எழுதினான். நெற்றியில் வேர்த்தது.

"வற்றாப்பளையிலை கடல் தண்ணியிலை விளக்கெரியுது," என்றாள் சிவலட்சுமி. "இஞ்சை மையிலை பேனை எழுதாதாம்."

"அங்க அம்மன் இருக்கா," என்றான் மூக்கன். "இங்க நாங்கதானே இருக்கோம்."

"நீங்க இருக்கிற எடத்துல எண்ணெய்லயே வெளக்கு எரியாது," என்றாள் மீனம்மா.

மூக்கன் சிரித்தான். மயில்வாகனத்தின் கண்கள் ஞானேஸ்வரியின் மேல் இருந்தன. அவள் சரையைப் பிரித்து ஒரு கற்கண்டை அவன் வாயில் வைத்தாள்.

வெயில் சாயமுன் சிவலட்சுமி புறப்பட்டாள். மைப்போத்தலை வைத்துவிட்டுப் போனாள். அடுத்தமுறை எங்கேயாவது பேனை தேடிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். வேலிப் படலையடியில் சைக்கிளை நிறுத்தித் திரும்பினாள்.

"அவருக்கு என்னென்ன சொல்லக் கிடக்கோ. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மச்சாள்," என்றாள் ஞானேஸ்வரி.

சிவலட்சுமி அவள் தோளைத் தடவிவிட்டுப் போனாள்.

கிணற்றடியில் மீனம்மா பானை கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் மூக்கனும் எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இந்தக் காட்டை வெட்டியவர்கள். காட்டை வெட்டும் நாளில் அவர்களைத் தோட்டக்காட்டார் என்று தள்ளி வைத்த ஊர்க்காரர் பலர், இப்போது இவர்களைப் போன்றவர்களின் வளவுகளில் கொட்டில் போட்டு இருந்தார்கள். மீனம்மா அதைச் சொல்லிக் காட்டியதில்லை. வேறு எதையும் சொல்லாமல் விட்டதுமில்லை.

"தங்கச்சி, எலவம் பஞ்சு தண்ணி குடிக்காது."

"ஓம்."

"ஒனக்குத் தெரிஞ்சுதான் இருந்திச்சு."

ஞானேஸ்வரி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிறு ஓடியது.

"எங்காளுக்கு ஒடம்புல வாய் ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது," என்றாள் மீனம்மா. "ஒரு நாளைக்காவது அது கட்டிக்கணும்னு நானும் சாமி கும்பிட்டிருக்கேன்."

"கிடைச்சதோ?"

"எங்க. ஒருவாட்டி பல்லு வலி வந்துச்சு. ஒரு கிழமையும் பல்லு வலியப் பத்தியே பேசினாரு."

இருவரும் சிரித்தார்கள். ஞானேஸ்வரி தண்ணீரை இழுத்தாள். மீனம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா ஒண்ணு. எங்காளு பேசாட்டி எந்திரிச்சு எங்கயாச்சும் போயிருவாரு. ஒங்காளு எங்க போவாரு?"

இரண்டொரு நாள் கழித்து, காலையிலிருந்தே மயில்வாகனத்தின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அசைவு. ஞானேஸ்வரி கஞ்சி ஊட்டும்போது கிடுகைப் பார்த்தாள். கழுத்து ஓட்டையைத் துடைக்கும்போது துணியைப் பார்த்தாள். அவன் இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறக்கவில்லை. விருப்பமில்லாவிட்டால் விடட்டும் என்று கோப்பையை மூடி வைத்துவிட்டு விறகு பொறுக்கப் போனாள். வந்தாள். சமைத்தாள். உதடுகள் அசைந்தன. பின்னேரம் நின்றுவிட்டன.

உடம்பு துடைக்க அவனைப் பக்கவாட்டில் புரட்டியபோது கண்டாள். சிவலட்சுமி வந்த அன்று கொடுத்த கற்கண்டில் ஒரு துண்டு வாயிலிருந்து நழுவித் தோளுக்குக் கீழே விழுந்திருந்தது. கரைந்து பலகையில் ஒட்டியிருந்தது. கட்டில் காலிலிருந்து கடியெறும்புச் சாரை ஏறி வந்து அதை மொய்த்திருந்தது. பின்கழுத்திலிருந்து தோள்வரை சிவந்து தடித்திருந்தது. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு உணர்வு இல்லை. தோளில் உண்டு.

எறும்புகளைத் தட்டினாள். கட்டில் காலைச் சாம்பலால் சுற்றினாள். தடித்த இடத்தில் தேங்காயெண்ணெய் பூசினாள்.

"எறும்பு எண்டோ சொன்னனீங்கள்?"

அவன் அவளைப் பார்த்தான். உதடு அசையவில்லை.

அவள் பேனையை எடுத்து வெயிலுக்கு வந்தாள். குறட்டால் பின்மூடியைக் கழற்றி இலவம் பஞ்சைத் தோண்டி எறிந்தாள். அவனுடைய பழைய வேட்டி ஒன்று இருந்தது. எத்தனையோ முறை சலவைச் சோடாவில் அவிந்து கல்லில் அடிபட்டு மெத்தென்று போனது. அதில் ஒரு கீலம் கிழித்து, ஒரு துளி மையைத் தொட்டு வைத்தாள். துணி அதை உடனே குடித்தது. துளி இருந்த இடத்தில் நீல வட்டம் ஒன்று விரிந்தது.

கீலத்தை இறுக்கிச் சுருட்டிக் குழாய்க்குள் ஏற்றினாள். மையை விட்டாள். மை உள்ளே போனது. முனைக்கு வரவில்லை. துணி தானே வைத்துக்கொண்டது. கழற்றி, தளரச் சுருட்டி ஏற்றினாள். முனையடியில் மை கசிந்து சொட்டியது. இப்படி எழுதினால் அவன் முகத்தில் சொட்டும். மறுபடி கழற்றினாள். இறுக்கமான நார் தளர்ந்த நாரிலிருந்து மையை இழுக்கும். தளர்ந்தது இறுக்கமானதிடம் பிடுங்க முடியாது. அவள் இதைச் சொல்லாக நினைக்கவில்லை. கை அறிந்துகொண்டது. துணியின் முன்பக்கத்தை இறுக்கி முனையின் வாலோடு முட்ட வைத்தாள். பின்பக்கத்தைத் தளர விட்டாள். மீனம்மா வேலிக்கு அப்பால் நின்று பார்த்தாள். பிறகு போனாள்.

ஈர்க்குக் குச்சியால் தொட்டு ஒரு துளி விட்டாள். பொறுத்தாள். இன்னும் சில துளிகள். பேனையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பச்சை முனை கறுத்தது. உள்ளங்கையில் தொட்டாள். நீலம்.

போத்தலைச் சரித்து நிறைய ஊற்றப் போனவள் நிறுத்தினாள். பிறகு போத்தலை மூடினாள்.

மயில்வாகனம் பேனையைப் பிடித்தான். முனை தாளில் பட்டதும் மை வந்தது. அவன் கண்கள் ஒரு கணம் மூடித் திறந்தன. எழுதினான்.

மூதேவி. எறும்பு தின்னத் தின்னக் கிடுகைப் பாத்துக்கொண்

அதற்கு மேல் வரவில்லை. அவன் சுரண்டினான். பேனையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"மை அவ்வளவுதான்," என்றாள் அவள். "இனி நாளைக்கு."

கொட்டிலின் தட்டில் மைப்போத்தல் இருந்தது. கழுத்துவரை மை இருந்தது. அவன் படுத்த இடத்திலிருந்து அது தெரியும்.

அடுத்த நாளும் அதே அளவு விட்டாள். அதற்கடுத்த நாளும். முதல் சில நாள் அவன் திட்டியே மையைத் தீர்த்தான். பிறகு தாகத்துக்கு மை இல்லாமல் போயிற்று. உதட்டை அசைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. அதன்பின் எழுத்து சிறுத்தது. சொல் குறைந்தது. தண்ணி. தோள். எறும்பு. வெளிச்சம். எழுதிவிட்டுப் பேனையைத் தாளிலிருந்து உடனே எடுத்தான். ஆரோடை கதைச்சாய் என்பது வரவில்லை. கஞ்சியின் சூட்டைப் பற்றி வரவில்லை. அவள் வாசித்துச் செய்வதற்கு ஒரு நாளில் பத்துச் சொல்கூட இல்லை. சமையலுக்கு இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். இரண்டு வருடத்தில் அப்படி அயர்ந்ததில்லை.

மூக்கன் பிலாக்காய் கொண்டு வந்த காலை, அவள் வாசலில் உட்கார்ந்து ஈர்க்கால் மை விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, மருந்து மாதிரி அளக்கிறீங்க?"

"மை கொஞ்சம்தான் மூக்கண்ணை."

மூக்கன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"நெறயத்தானே இருக்கு." அவன் சிரிக்கத் தொடங்கினான். "அங்க தாண்டிக்குளத்துல ஆமிக்காரன் எங்களுக்கு மண்ணெண்ணெய் அளக்கிறான். நீங்க இங்க அண்ணனுக்குப் பேச்சு அளக்கிறீங்க."

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே கட்டில் கிடந்தது. எல்லாம் கேட்கும் தூரம்தான்.

"பிலாக்காய வச்சிட்டு வாங்க," என்றாள் மீனம்மா வேலியடியிலிருந்து.

மூக்கன் போனபின் ஞானேஸ்வரி ஈர்க்கைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு வழமையான அளவை விட்டாள். ஒரு துளிகூடக் கூட்டவில்லை.

அன்று மயில்வாகனம் எழுதவில்லை. பேனையை வாங்கினான். கையைப் பலகைக்கு உயர்த்தவில்லை. நெஞ்சின் மேல் தாழ்த்தினான். முனை போர்வைச் சீலையில் பட்டது. அங்கேயே வைத்திருந்தான். நீலப் புள்ளி ஒன்று வந்தது. சதக் காசளவு ஆயிற்று. உள்ளங்கையளவு ஆயிற்று. சீலை தாளைவிடப் பெரிய குடிகாரன். முனையின் வழியே குழாய்க்குள்ளிருந்த அத்தனையையும் உறிஞ்சியது. மயில்வாகனம் சீலையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை வழுக்கிப்போச்சோ?"

அவள் கையைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். அவன் மறுபடி தாழ்த்தினான்.

அடுத்த நாளும் அதுவே. அடுத்த நாளும். அவள் சீலையைத் துவைத்தாள். சவர்க்காரம் இல்லை, நீலம் போகவில்லை. அவன் உதடுகளும் அசையவில்லை. கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனால் வாயைத் திறந்தான். விட்டால் மூடினான்.

அவளுக்கு வேண்டியிருந்த அமைதி முழுதாகக் கிடைத்தது. ஆனால் ஓய்வு கிடைக்கவில்லை. தாகமா என்று அவளே யோசிக்க வேண்டியிருந்தது. கழுத்து வலிக்கிறதா, வெயில் முகத்தில் விழுகிறதா, எறும்பா. நாளுக்குப் பலமுறை அவனைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்பு வலித்தது. கிணற்றடியில் நின்றபடியே பாதியில் ஓடி வந்தாள். தண்ணியோ, என்றாள். தோளோ. வெளிச்சமோ. இரண்டு வருடம் பார்க்காமல் விட்ட உதடுகளை இப்போது பார்த்தபடி இருந்தாள். அவை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு, தட்டிலிருந்து போத்தலை எடுத்தாள். பேனையின் பின்மூடியைக் கழற்றினாள். துணி இனிமேல் குடிக்காது என்னும்வரை ஊற்றினாள். விரலெல்லாம் நீலமாயிற்று. பலகையில் புதுத் தாள் குத்தினாள். பேனையை அவன் விரல்களுக்குள் வைத்தாள்.

"எழுதுங்கோ."

அவன் எழுதவில்லை. கை தாழத் தொடங்கியது. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறைய ஊத்திப்போட்டன். சீலையிலை விடாதேங்கோ, எனக்கு இனித் துவைக்கேலாது. எழுதுங்கோ. என்னை ஏசுறதெண்டாலும் ஏசுங்கோ. ஆனால் இண்டைக்கு நானும் மறுமொழி சொல்லுவன்."

அவன் அவளுடைய நீல விரல்களைப் பார்த்தான். பிறகு கை உயர்ந்தது.

மையை மறிச்சனீ.

"ஓம். மறிச்சனான்."

ஏன்.

"களைச்சுப்போனன்."

முனை தாளில் நின்றது. அந்த இடத்தில் மை கொஞ்சம் ஊறியது. அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தைப்பொங்கலுக்குத் தங்கச்சிக்கு என்ன எழுதினனீங்கள்? சோறு தாறதில்லை எண்டு. அண்டைக்கு என்ரை சோத்தையும் நீங்கள்தான் சாப்பிட்டனீங்கள்."

தெரியும்.

"தெரிஞ்சுகொண்டோ எழுதினனீங்கள்?"

அவன் மெதுவாக எழுதினான். வரி வளைந்து கீழே இறங்கியது.

அவள் வந்தால் உடனை போயிடுவாள். அப்பிடி எழுதினால் ரெண்டு நாள் நிப்பாள் எண்டு.

ஞானேஸ்வரி அதை இரண்டு முறை வாசித்தாள்.

"நிண்டவாவோ?"

இல்லை.

"என்னைக் கள்ளியாக்கிப்போட்டு அண்டைக்கே போயிட்டா."

ஓம்.

வேறு ஏதும் எழுதுவான் என்று பார்த்திருந்தாள். அவன் பேனையைத் தாளின் நடுவுக்குக் கொண்டுபோனான்.

கஞ்சியிலை உப்பில்லை. ஒரு கிழமையா இல்லை.

"உப்பு இல்லை. சங்கத்திலை வந்தால் போடுவன். வராட்டி இல்லை. மனேச்சருக்கு நான் சொல்ல வேணுமோ?"

மூக்கன்ரை றேடியோ. பின்னேரம் முழுக்கச் சைக்கிள் டைனமோவை மிதிச்சு மிதிச்சு நியூஸ் கேக்கிறான். தலை வெடிக்குது.

"அது அவரின்ரை வளவு. அவரின்ரை சைக்கிள். உங்களுக்குச் செய்தி வேண்டாமெண்டால் காதைப் பொத்துங்கோ." சொன்னபின்தான் அவனுக்குக் கை காதுவரை எழாது என்பது அவளுக்கு உறைத்தது. "நான் பொத்திவிடுறன்," என்றாள்.

ஒண்டும் வேண்டாம். நீ நடக்கிற சத்தம் அதைவிட மோசம்.

"நடக்காமல் தண்ணி எப்பிடி வரும்? பறந்தோ போறது?"

எனக்கு முன்னாலை நட. பின்னாலை நடந்தால் ஆரெண்டு தெரியாது. திரும்பிப் பாக்கேலாது.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். தலைமாட்டில்தான் அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருந்தன. இரண்டு வருடமாக அவள் அவன் தலைக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"அதை அப்பவே எழுதியிருக்கலாமே."

எழுதினனான். சத்தம் எண்டு எழுதினனான்.

"சத்தம் எண்டால் ஆருக்கு விளங்கும்?"

உனக்கு ஒண்டும் விளங்காது.

"ஓம், எனக்கு விளங்காது. விளங்குறவள் ஒருத்தியைத் தேடிக் கட்டியிருக்கலாம்."

கேட்டவை. நாலு இடத்திலை என்னை மாப்பிள்ளையாக் கேட்டவை. கொம்மான் காலைப் பிடிச்சான்.

"என்ரை அம்மானோ? உங்கடை அப்பர்தான் எங்கடை படலையிலை ரெண்டு மாசம் நிண்டவர்!"

அவள் குரல் உயர்ந்துவிட்டது. வேலிக்கு அப்பால் விறகு கொத்தும் சத்தம் நின்றது.

"என்ன தங்கச்சி, சண்டையா?" என்றாள் மீனம்மா.

"ஓம் அக்கா."

"நல்லது, நல்லது. அடுப்பப் பாரு. அடிப் பிடிக்குது."

கொட்டிலுக்குள் புகை மணத்தது. தாளில் இடமில்லை. மயில்வாகனம் ஓரத்தில் பேனையைச் செங்குத்தாகப் பிடித்து, சின்ன எழுத்தில் எழுதினான்.

மற்றத் தாள்.

"பொறுங்கோ," என்றாள் ஞானேஸ்வரி. "கஞ்சியை இறக்கிப்போட்டு வாறன்."